கெவினுக்கு நாலு கிலோ பசளை

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் எங்கள் சனத்தைக் கேட்டால் சொல்வார்கள்: ஆனந்தராஜாவின் மேசையைத் தாண்டி ஒரு பார்சலை அனுப்புவதைவிடக் கனடாவுக்கு விசா எடுப்பது சுகம்.

மனுசன் பதினொரு வருடமாக ஒரு கார்கோ கம்பனியில் அபாயச் சரக்கு மேசையில் இருக்கிறார். சென்ற் போத்தல், நகப்பூச்சு, பற்றரி, தலைமயிருக்கு அடிக்கிற ஸ்பிரே என்று தீப்பிடிக்கவோ வெடிக்கவோ கூடிய எது வந்தாலும் அவர் கையால்தான் போகவேண்டும். பெட்டியைத் தூக்கிக் காதருகில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிவிடுவார். அவரிடம் மூன்றே மூன்று பதில்கள் உண்டு. ஒன்று, ‘ஏலாது.’ மற்றது, ‘ஏலும், ஆனா ஹசாட் பீஸ் இருக்கு.’ மூன்றாவது பதில் ஒரு கேள்வி: ‘இதை உள்ள வைச்சது ஆர்?’

அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி றோஸ்மலர் ஒருமுறை நகப்பூச்சுப் போத்தல்களைக் காலுறைக்குள் சுற்றி, காலுறையைப் பால்மா ரின்னுக்குள் இறக்கி, மேலே மிளகாய்த்தூளைக் கொட்டி மூடிக் கொண்டுவந்தாள். ஆனந்தராஜா ஆட்டினார். தும்மினார். கண்டுபிடித்தார். சொந்த மனைவி செல்வமலர், தன் தங்கையின் மகளுடைய சாமத்தியவீட்டுச் சடங்குக்கு ஆறு சென்ற் போத்தல் ரொறன்ரோவுக்கு அனுப்ப வந்தபோதும் சட்டம் வளையவில்லை. ஹசாட் பீஸ் என்கிற அபாயச் சரக்குக் கட்டணம் முழுவதையும் வாங்கி, ரசீதும் எழுதிக் கொடுத்தார். அதன்பின் நாலு நாள் வீட்டில் தேத்தண்ணி மேசைக்கு வந்தது. கதை வரவில்லை.

அப்படிப்பட்ட மனுசனுக்கு ஒரு இரகசியம் இருந்தது. அது ஒரு துவக்கு.

பயப்பட வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, அதே கம்பனியில் லொறி ஓடுகிற கெவின் என்ற வெள்ளைக்காரச் சிநேகிதர் அவரை எசெக்ஸ் பக்கம் ஒரு திடலுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு இயந்திரம் களிமண் தட்டொன்றை ஆகாயத்தில் வீசும். அது நிலத்தில் விழமுன் சுட்டு உடைக்கவேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. ஆனந்தராஜா இளவயது முழுவதும் துவக்குகளிலிருந்து எட்டி ஓடியவர். ஒன்றைத் தொட்டதுகூட இல்லை. கெவின் நீட்டியபோது இரண்டுதரம் மறுத்தார். மூன்றாம்தரம் மரியாதைக்காக வாங்கினார்.

முதல் தட்டு உடைந்தது. யார் சுட்டதென்று அவர் திரும்பிப் பார்த்தார்.

பத்துக்கு எட்டு. ஐம்பத்தினாலு வயதுவரை முதல்தரத்திலேயே சரிவந்த காரியம் என்று அவர் வாழ்க்கையில் ஒன்றும் கிடையாது. கார் லைசன்சுக்கு ஏழுதரம் போய் ஏழுதரமும் தோற்றவர். ஏழாம்தரம் சோதனைக்கு வந்த அதிகாரி, நல்ல பஸ் ஓடுகிற ஊர்தானே என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். ஆனால் அன்றைக்கு அவர் மனதில் நின்றது அந்த எட்டு அல்ல. சத்தம் கேட்டு ஒருவரும் ஓடவில்லை. ஒருவரும் விழவில்லை. பக்கத்து வயலில் மேய்ந்த செம்மறிகள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. திரும்பி வரும்போது கெவினின் வேனுக்குள் விசிலடித்துக்கொண்டு வந்தார்.

செல்வமலரிடம் சொல்லவில்லை. சொல்லத்தான் நினைத்தார். ஆனால் நவம்பர் மாதம் இந்த ஊரில் வாணவெடி விடுகிற நாட்களில் அவள் என்ன செய்வாள் என்பது அவருக்குத் தெரியும். ரீவிச் சத்தத்தைக் கூட்டிவைப்பாள். பிறகு அயன் பண்ணத் தொடங்குவாள். அயன் பண்ணிய உடுப்பையே எடுத்துத் திருப்பியும் அயன் பண்ணுவாள். பயம் என்று ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அப்படிப்பட்டவளிடம் போய், நான் ஞாயிற்றுக்கிழமை துவக்குச் சுடப் பழகுகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

ஆகவே லூயிஷாம் சிவன் கோயிலில் திருப்பணி என்று சொல்லிவிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் திருப்பணி. கெவினின் வேனில் ஒரு சரை திருநீறு வைத்திருந்தார். வீட்டுக்கு ஒரு தெரு முன்னால் வேனின் கண்ணாடியைப் பார்த்து மூன்று குறி பூசிக்கொள்வார். உடுப்பில் வெடிமருந்து மணம் வீசினால், கோயிலில் ஓமம் வளர்த்தார்கள் என்பார். லூயிஷாம் சிவனும் இரண்டு வருடமாக ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. துவக்கு லைசன்ஸ் எடுத்து, சொந்தமாக ஒன்று வாங்கி, அதைக் கெவின் வீட்டு இரும்பு அலுமாரியில் வைத்தார். லைசன்ஸ் கடுதாசி மட்டும் சாமி அறையில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்தது. லைசன்சுக்காகப் பொலிஸ் வீட்டுக்கு வந்து விசாரித்த செவ்வாய்க்கிழமையும் செல்வமலர் வேலையில் இருந்தாள். அவள் வயதானவர்களை வீடுவீடாய்ப் போய்ப் பராமரிக்கிறவள். காரும் அவளுடையதுதான். எல்லாம் கச்சிதமாக நடக்கிறதென்று ஆனந்தராஜா நம்பினார்.

இந்த வருடம் தோட்டா விலை ஏறியது. கடையில் வாங்காமல் தாங்களே தோட்டா செய்யலாம் என்று கெவின் சொன்னார். சுட்ட தோட்டாவின் கூட்டை மறுபடி நிரப்புகிற கைப்பொறி ஒன்று கெவினின் கராஜில் இருந்தது. கூடும் ஈயக்குண்டும் சாதாரணத் தபாலில் வந்துவிடும். வெடிமருந்தும், தோட்டாவின் அடியில் வைக்கிற பிரைமர் என்ற சின்னக் குமிழும் அப்படி வராது. அவை அபாயச் சரக்கு. லைசன்ஸ் உள்ள துவக்குக் கடை ஒன்றுக்குத்தான் வரும். ஆள் நேரில் போய், கடுதாசியைக் காட்டி, கையெழுத்து வைத்து எடுக்கவேண்டும். அனுப்புகிற கம்பனி அதற்கு ஒரு ஹசாட் பீஸ் போட்டிருந்தது.

பதினொரு வருடம் மற்றவர்களிடம் வாங்கிய கட்டணத்தைத் தான் கட்டவேண்டி வந்தபோது ஆனந்தராஜா அந்தத் தொகையை மூன்றுதரம் வாசித்தார். ஆனால் அந்தக் கட்டணத்தின் நெளிவுசுளிவு அவருக்குத் தெரியாததா? அது எடைக்கு இல்லை, ஒரு தடவைக்கு. ஒரு போத்தல் வெடிமருந்து எடுத்தாலும் அதே காசு, எட்டுப் போத்தல் எடுத்தாலும் அதே காசு. ஆகவே எட்டாக எடுப்பதே புத்தி. அரைக் கிலோப் போத்தல் எட்டு, பிரைமர் இரண்டாயிரம் என்று ஓடர் போட்டுவிட்டு, தன்னைத்தானே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடித்தார்.

சரக்கு கடைக்கு வந்து சேர்ந்த கிழமை, கெவினின் இடுப்பு எலும்பை மாற்ற ஆஸ்பத்திரியில் திடீரென்று இடம் கிடைத்தது. ஆறு கிழமை கார் ஓடக்கூடாது. அடுத்த நாள் துவக்குக் கடையிலிருந்து அழைப்பு. தங்கள் களஞ்சியத்தில் இவ்வளவுதான் வைக்கலாமென்று அளவு இருக்கிறதாம். சனிக்கிழமைக்குள் எடுக்காவிட்டால் திருப்பி அனுப்புவோம், திருப்பி அனுப்பவும் ஹசாட் பீஸ் உண்டு, அதையும் நீங்கள்தான் கட்டவேண்டும் என்றார்கள்.

ரயிலில் கொண்டுவர ஏலாது. பஸ்ஸிலும் ஏலாது. அது கூடாதென்ற அறிவித்தலைத் தன் மேசைக்கு மேலே ஒட்டியவரே அவர்தான். ரக்ஸிக்காரனிடம் மறைத்து ஏற்றுவது பாவம், சொல்லி ஏற்றுவது நடக்காது. எங்கள் ஆட்கள் யாரையாவது கேட்டால் அவர் வீட்டுக்கு வரமுன் கதை வீட்டுக்கு வந்துவிடும். எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் உலகத்தில் ஒரே ஒரு கார்தான் மிஞ்சியது. அதன் சாவி செல்வமலரின் கைப்பையில் இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்ற நேரமாகப் பார்த்துத் தொடங்கினார். அழுகிற கண்ணுக்குப் பொய் தெரியாது என்பது அவர் கணக்கு.

“நாளைக்கு உமக்கு ஷிப்ட் இல்லைத்தானே?”

“இல்லை. ஏன்?”

“கெவினுக்குக் கொஞ்சம் பசளை எடுத்துக் குடுக்கவேணும். பாவம், இடுப்போட படுத்திருக்கிறார்.”

“பசளை பார்க்கிங்கில இல்லையோ?”

“இது எசெக்ஸ்ல ஒரு பண்ணையிலதான் இருக்கு. விசேசப் பசளை.”

“என்ன நடப்போறார்?”

“உருளைக்கிழங்கு.”

“இடுப்பு மாத்தின மனுசன் கிழங்கு கிண்டப்போறாரோ?”

“கிண்டுறது ஓகஸ்ட்டிலதானே. அதுக்குள்ள சுகமாயிடும்.”

“எவ்வளவு பசளை?”

ஆனந்தராஜாவுக்கு அளவில் பொய் சொல்ல வராது. தொழில் அப்படி. “நாலு கிலோ,” என்றார்.

“நாலு கிலோவுக்கோ இவ்வளவு தூரம் ஓடுறது?”

“வலுவான பசளை,” என்றார்.

செல்வமலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, காலமை வெளிக்கிடுவம் என்றாள். இவ்வளவு லேசாக முடிந்ததே என்று அவருக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

சனிக்கிழமை காலை அவர் வேலை செய்த வேகத்தைப் பார்க்கவேண்டும். சரக்கை மூட ஒரு வெற்று அரிசிச் சாக்கு எடுத்து வைத்தார். காரின் பின்பக்கத்திலிருந்து கண்ணாடிப் பனி உருக்குகிற ஸ்பிரேயையும், செல்வமலரின் கைச்சுத்தத் திரவத்தையும், ஒரு பழைய லைற்றரையும் அகற்றினார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, பசளைக்கு ஸ்பிரே மணம் பிடிக்காது என்றார். அவள் அதற்கும் சரி என்றாள். ஒரு டப்பாவில் மரக்கறி ரோல்ஸ் வைத்து எடுத்துவந்தாள். வழி முழுவதும் வேலையிடத்துக் கதை சொன்னாள். இடப்பக்கச் சீற்றில் இருந்து ஆனந்தராஜா வழிகாட்டினார். இரண்டு தரம் பிழையாகக் காட்டினார். அவள் இரண்டு தரமும் சரியான பக்கம் திருப்பினாள். அது அவருக்கு அப்போது விசித்திரமாகப் படவில்லை.

கடை ஒரு மண்பாதையின் முடிவில், பழைய களஞ்சியம் மாதிரி இருந்தது. பெயர்ப்பலகையில் துவக்குப் படம் இருக்குமோ என்று பயந்துகொண்டு வந்தவர், ஒரு பறக்கிற தாரா வாத்து மட்டும் இருந்ததைக் கண்டு பிள்ளையாருக்கு நன்றி சொன்னார். “சேறாக் கிடக்குது. நீர் காருக்குள்ளயே இரும்,” என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

உள்ளே மூக்குக்கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மா இருந்தா. மேசைக்குக் கீழே நாய் படுத்திருந்தது. ஆனந்தராஜா பெயரைச் சொன்னார். சரக்கு வந்தது. பெட்டிகளின் பக்கத்தில் அபாயக் குறியான செம்மஞ்சள் சாய்சதுரம். லேபல் ஒரு நூல் சரியாமல் ஒட்டியிருந்ததைப் பார்த்து அவர் மனம் குளிர்ந்தது. யார் ஒட்டினார்களோ, நல்ல கை. கடைக்காரி கையை நீட்டி, சேர்ட்டிபிக்கற் என்றா.

ஆனந்தராஜா உள்சட்டைப்பையைத் தொட்டார். மற்றப் பையைத் தொட்டார். காற்சட்டைப் பைகள் இரண்டையும் தொட்டார். அரிசிச் சாக்கு நினைவிருந்தது. பனி உருக்கி நினைவிருந்தது. கடுதாசி பிள்ளையாருக்குப் பின்னால் இருந்தது.

அவர் கெஞ்சிப் பார்த்தார். தானும் இதே தொழில்தான், பதினொரு வருடம், எல்லாச் சட்டமும் தெரியும் என்றார். சட்டம் தெரியுமென்றால் நான் என்ன சொல்வேன் என்பதும் தெரிந்திருக்குமே என்றா கடைக்காரி. தெரிந்திருந்தது. எத்தனையோ பேருக்கு அவர் சொன்ன அதே ஒரு சொல். அதை வாங்கிக்கொள்கிற பக்கத்தில் நிற்பது எப்படியென்று அன்றைக்குத்தான் பார்த்தார். றோஸ்மலரின் முகம்கூட ஒருமுறை வந்து போனது.

கதவு மணி அடித்தது. யாரோ கால்மிதியில் சப்பாத்தைக் கவனமாகத் துடைக்கிற சத்தம் கேட்டது. செல்வமலர் மேசையருகில் வந்து, கைப்பையைத் திறந்து, பிளாஸ்ரிக் உறையில் போட்ட ஒரு கடுதாசியை எடுத்துக் கடைக்காரியின் முன்னால் வைத்தாள். பிறகு புருசனிடம் தமிழில், வானிலை சொல்வதுபோல் சொன்னாள்.

“காலமை விளக்குக் கொளுத்தேக்க பாத்தன். நீங்கள் எடுக்கேல்லை.”

 நாய் எழும்பி ஆனந்தராஜாவின் காலை மணந்துவிட்டுத் திரும்பப் படுத்தது.

சரக்கு ஏற்றுகிற வாகனத்தின் சாரதியும், உள்ளே இருப்பது இன்னதென்று தனக்குத் தெரியுமென்று கையெழுத்து வைக்கவேண்டும். அது அந்தக் கடையின் வழக்கம். செல்வமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். வெடிமருந்தையும் பிரைமரையும் தள்ளித் தள்ளி வைப்பதுதானே என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டாள். ஓம் என்றா கடைக்காரி. கையெழுத்து வைத்தாள். ஒரு பெட்டியைத் தானே தூக்கினாள். பின்பக்கத்தில் ஒன்று இடது மூலை, மற்றது வலது மூலை, நடுவில் ரோல்ஸ் டப்பா. எல்லாவற்றையும் அரிசிச் சாக்கால் மூடி, ஓரத்தை மடித்தும் விட்டாள்.

கார் பிரதான வீதிக்கு வந்தது. பத்து நிமிடம் ஓடியது. பிறகு செல்வமலர் சிக்னலைப் போட்டு, லொறிகள் ஒதுங்கி நிற்கிற இடமொன்றில் காரை நிப்பாட்டி, சாவியைத் திருப்பினாள்.

“என்ன, கார் பிழையோ?”

“கார் நல்லாத்தான் இருக்கு.”

“மலர், இந்தச் சரக்கோட வழியில சும்மா நிக்கக்கூடாது. அப்பிடிச் சட்டம் இருக்கு.”

“ஓம், படிவத்தில வாசிச்சனான். தேவையில்லாமல் நிக்கக்கூடாது எண்டு இருக்கு. இது தேவை. முழுக்கச் சொல்லுங்கோ, காரை எடுக்கிறன்.”

ஆனந்தராஜா ஒருமுறை பின்னால் திரும்பிச் சாக்கைப் பார்த்தார். ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்தார். வேறு எந்த இடத்திலும், வேறு எந்த நேரத்திலும் அவர் கொஞ்சம் சுற்றிவளைத்திருப்பார். சட்டம் அவரை விடவில்லை. எல்லாவற்றையும் நாலு நிமிடத்தில் சொல்லி முடித்தார். கெவின், செம்மறி, பத்துக்கு எட்டு, வேன், திருநீறு, ஓமம், உருளைக்கிழங்கு.

திருநீறுதான் தனக்கு முதலில் சிரிப்பு மூட்டியதென்று செல்வமலர் சொன்னாள். கோயிலில் ஐயர் பூசினால் எப்போதும் புருசனின் மூக்கில் கொஞ்சம் கொட்டியிருக்குமாம். இரண்டு வருடமாக மூன்று குறியும் அளந்து கீறியதுபோல் வந்ததாம்.

“அப்ப எப்ப தொடக்கம் உமக்குத் தெரியும்?”

“பொலிஸ் எனக்குப் போன் எடுத்த நாள் தொடக்கம்.”

துவக்கு லைசன்ஸ் கொடுக்கமுன் வீட்டில் இருக்கிறவரிடமும் விசாரிப்பார்கள் என்பது, உலகத்துச் சட்டமெல்லாம் தெரிந்த ஆனந்தராஜாவுக்குத் தெரியாமல் போயிற்று. அந்த அதிகாரி செல்வமலரின் நம்பருக்கே எடுத்திருந்தார். அவள் டகனம் என்ற பக்கத்து ஊரில் ஒரு வயதான மனுசிக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்தாளாம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கதைத்தாளாம். உங்கள் கணவர் துவக்குக்கு விண்ணப்பித்திருக்கிறாரே, அவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கேட்டாராம்.

“நீர் என்ன சொன்னனீர்?”

“பாத்திரம் கழுவுவார் எண்டன்.”

ஆனந்தராஜா மறுக்க வாய் திறந்தார். யோசித்துப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

“பேந்து, உங்களுக்கு அவரிட்டப் பயமோ எண்டு கேட்டவன். ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் உங்களுக்கு லைசன்ஸ் இல்லை. இல்லை எண்டன். இருவத்தாறு வருசத்தில ஒருநாளும் இல்லை எண்டன்.”

பெரிய லொறி ஒன்று பக்கத்தால் போனது. அந்தக் காற்றில் கார் கொஞ்சம் அசைந்தது.

“பொலிஸ்காரன் என்னட்டக் கேட்டவன்,” என்றாள் செல்வமலர். “நீங்கள் கேக்கேல்லை.”

அவள் குரலை உயர்த்தவில்லை. ஸ்ரியறிங்கில் இருந்த ஒரு தூசியை நகத்தால் சுரண்டினாள்.  நவம்பரில் அவள் அயன் பண்ணுவதைப் பற்றி ஆனந்தராஜா சொன்னார். இருபத்தாறு வருடத்தில் அதைப்பற்றி இருவரும் வாய்திறந்தது அதுதான் முதல்தடவை. அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றார். நீர் பயப்படக்கூடாது என்றுதான் மறைத்தேன் என்றார்.

செல்வமலர் நகத்தில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள்.

“அது ஆர் விடுறான், எங்க விழும் எண்டு தெரியாத சத்தம்,” என்றாள். “நீங்கள் சுட்டால் எங்க விழும் எண்டு தெரியும்தானே?”

“களிமண் தட்டிலதான்.”

“ஒவ்வொரு தரமுமோ?”

“இருவத்தஞ்சுக்குப் பதினேழு.”

“மிச்சம் எட்டும்?”

“புல்லில.”

அவள்தான் முதலில் சிரித்தாள். அவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். இரண்டு வருடம் தெரிந்தும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் நீங்கள் விசிலடித்துக்கொண்டு வருவீர்கள், அதற்கு முன்னால் நீங்கள் விசிலடிப்பீர்கள் என்றே எனக்குத் தெரியாது என்றாள் அவள். தானாகச் சொல்லும்வரை பார்ப்போம் என்று இருந்தாளாம். பசளை வந்தபிறகு பொறுமை போய்விட்டதாம். கடைக்குப் போகிற வழியை முதல்நாளே போனில் பார்த்தும் வைத்தாளாம்.

“இரண்டு வருசப் பொய்க்கு எவ்வளவு பீஸ்?” என்று பயந்து பயந்து கேட்டார்.

“தடவைக்கு ஒண்டுதானே உங்கட சட்டம். எல்லாத்தையும் ஒண்டாச் சொன்னபடியால் ஒருக்காக் கட்டினால் காணும்.”

அந்தக் கட்டணம் என்னவென்றால், கெவினுக்குச் சுகம் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் திடலுக்குக் கார் ஓடப்போவது அவள்தான். அவர் சத்தத்தைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். என்னுடைய காதை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லி அவள் சாவியைத் திருப்பினாள்.

கெவினின் வீட்டில் கராஜைத் திறந்துவிட்டு, கெவின் இரண்டு ஊன்றுகோலில் நின்றார். பெட்டியைத் தூக்கி வருவது செல்வமலர் என்று கண்டதும் அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் சொல்லிக்கொடுத்ததை மறக்கவில்லை. பசளைக்கு மிகவும் நன்றி, இந்த வருடம் உருளைக்கிழங்கு போடப்போகிறேன் என்று பாடமாக்கிய பிள்ளைபோல ஒப்புவித்தார். நன்றாக விளையட்டும் என்று வாழ்த்திய செல்வமலர், மருந்தை மர அலுமாரியிலும் பிரைமரைத் தூரத்துத் தட்டிலும் வைத்துவிட்டு, அவருக்கு இரண்டு ரோல்ஸ் கொடுத்தாள். கெவின் ஆனந்தராஜாவைப் பார்த்தார். ஆனந்தராஜா கராஜின் கூரையைப் பார்த்தார்.

முதல் ஞாயிறு செல்வமலர் காருக்குள்ளேயே இருந்தாள். கண்ணாடி முழுக்க மூடியிருந்தது. கைகளை மடியில் கோத்திருந்தாள். ஆனந்தராஜா தட்டைப் பார்க்காமல் காரையே பார்த்துக்கொண்டு சுட்டார். ஒன்றும் படவில்லை. இரண்டாம் ஞாயிறு கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. மூன்றாம் ஞாயிறு கெவினின் பெரிய சிவப்புக் காதுமூடியைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, புருசனுக்குப் பக்கத்தில் நின்றாள். வேறு ஆட்கள் சுட்ட ஒவ்வொரு முறையும் அவள் கை அவருடைய கைச்சட்டையைப் பிடித்தது. அவர் அசையாமல் நின்றார். ஏழாவதோ எட்டாவதோ வெடிக்குப் பிறகு கை பிடிக்கவில்லை. ஆனால் விடவும் இல்லை, சும்மா அங்கேயே இருந்தது. பக்கத்து வயலைக் காட்டி, அந்தச் செம்மறிக்குட்டிகளைப் பாருங்கோ, எவ்வளவு வடிவு என்றாள்.

அதன்பிறகு கதை அவர் கையை விட்டுப் போய்விட்டது. நாலாம் ஞாயிறு ஆட்டிறைச்சி ரோல்ஸ் வந்தது. ஐந்தாம் ஞாயிறு திடலில் உள்ள அத்தனை வெள்ளைக்காரரும் செல்வமலரின் காரை எதிர்பார்த்து நின்றார்கள். கெவினுக்குச் சுகம் வந்தபிறகும் ஏற்பாடு மாறவில்லை. கெவின் புது இடுப்புக்கு வசதியாக முன்சீற்றில் ஏறினார். ஆனந்தராஜா பின்சீற்றுக்குப் போனார்.

மே மாதம், புள்ளி குறித்துவந்த கிழவர் மகளோடு இருக்க டெவனுக்குப் போய்விட்டார். கூர்மையான கண்ணுள்ள, ஒருவருக்கும் பக்கம் சாயாத ஒரு ஆள் வேண்டுமென்றார்கள். எல்லாரும் செல்வமலரைப் பார்த்தார்கள். புருசன் இருக்கிற இடத்தில் அவள் எப்படிப் பக்கம் சாயாமல் இருப்பாள் என்று கெவின் கேட்டதற்கு, அதில் பயமில்லை என்றார் ஆனந்தராஜா. அவள் சட்டப்புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, மஞ்சள் பேனையால் கோடு போட்டு இரண்டு நாள் படித்தாள். தட்டில் ஒரு துண்டாவது பிரிந்தால்தான் புள்ளி என்ற வரிக்கு இரண்டு கோடு.

வசந்தகாலக் கிண்ணப் போட்டிக்கு நாற்பது பேர் வந்தார்கள். ஆனந்தராஜா அன்றைக்கு வாழ்க்கையில் ஒருநாளும் சுடாதமாதிரிச் சுட்டார். கடைசித் தட்டுக்கு வரும்போது முதலிடத்தில் இருந்தவரோடு சமனாக நின்றார். இதையும் உடைத்தால் கிண்ணம் அநேகமாக அவருக்கு. பிறந்த நாளிலிருந்து அவர் கையில் ஒரு கிண்ணம் வந்ததில்லை. தட்டு பறந்தது. சுட்டார். ஆகாயத்தில் ஒரு சின்னப் புகைபோலத் தூசி கிளம்பியது. கெவின் கைதட்டினார். கூட்டமும் தட்டியது. தட்டு அதே வட்டமாக மிதந்துபோய்க் காஞ்சோண்டிப் பற்றைக்குள் விழுந்தது.

கைதட்டு நின்றது. எல்லாரும் புள்ளிப்பலகையைப் பார்த்தார்கள். செல்வமலர், தூசி மட்டும், துண்டு பிரியவில்லை என்று ஆங்கிலத்தில் அறிவித்தாள்.

ஆனந்தராஜா துவக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு அவளருகில் போனார். ஒருவருக்கும் விளங்காத தமிழில், மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“மலர், துண்டு ஒண்டு பறந்தது. என்ர கண்ணால கண்டனான்.”

“எந்தப் பக்கம்?”

“இடப்பக்கம்.”

“அது குருவி,” என்றாள் செல்வமலர். சைபரை நல்ல வட்டமாகப் போட்டாள். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டாள்.